பொத்தான் டப்பாவில் ஒரு கார் சாவி

போன வாரம் இந்தக் குடும்பத்தை டாக்டர் அறையில் விட்டுவிட்டு வந்தோம். மூன்று பேர் அழுதுகொண்டிருந்தார்கள். நாலாமவர், நோய் யாருக்கென்று டாக்டர் சொன்னாரோ அவர், ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்து, "டாக்டர், அந்த வெள்ளைக் கார் உங்களுதா? சக்கரத்தை நேராக்காம நிறுத்திட்டு வந்திருக்கீங்களே!" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அவர்தான் மாஸ்டர். நாற்பது வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். அந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கும் கைகளில் பாதி, அவரிடம் திட்டு வாங்கிய கைகள். பழகின தெருவிலேயே வழி தவறி, கற்றுக்கொள்ள வந்த பெண்ணை மதியம் வரை ஊரைச் சுற்ற வைத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தப் பெண் பாவம், கூடுதல் பாடம் என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அல்சைமர் என்றார் டாக்டர். ஆரம்ப நிலை. இன்னும் நல்ல காலம் நிறைய இருக்கிறது. வீடு, வைத்தியம், வரவு செலவு எல்லாவற்றையும் அவரையே கேட்டு இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். இப்போது அவரால் சொல்ல முடியும் என்றார். கடைசியாக ஒன்று சேர்த்தார். இனிமேல் கார் ஓட்டக் கூடாது.

இந்தக் கடைசி வார்த்தையைச் சொன்ன நேரம் மாஸ்டர் பக்கத்து அறையில், ஞாபகச் சோதனைக்காக நர்ஸ் சொன்னபடி கடிகாரம் வரைந்துகொண்டிருந்தார். "அதை நாங்களே பக்குவமா சொல்லிக்கறோம் டாக்டர்" என்று மகள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பக்குவம் வருவதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. இதோ, ஞாயிற்றுக்கிழமை.

மாஸ்டரின் மனைவி காலையிலேயே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் எல்லோருக்கும் அவள் தையலம்மா. சட்டை ஒன்றுக்குப் பொத்தான் வைக்க வேண்டும். பொத்தான் டப்பாவுக்குள் கையை விட்டால் பொத்தானுக்கு முன்னால் சாவி வந்து விரலில் குத்தியது. ஒரு வாரமாக இதே கதைதான்.

கார் சாவி அது. கொத்திலிருந்து அதைக் கழற்றி இங்கே ஒளித்தவள் அவள்தான். கழற்றிய இடத்தில், எப்போதோ விற்றுவிட்ட பழைய காரின் உபரிச் சாவியை மாட்டிவைத்தாள். இரண்டும் ஒரே கம்பெனி. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். உள்ளே போகும், திரும்பாது. வண்டிதான் ரிப்பேர் என்று மனுஷன் சலித்துப்போய்த் தானாக விட்டுவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. யாரிடமும் சொல்லவில்லை. கடவுளிடம் மட்டும் சொன்னாள், அதுவும் பாதிதான்.

ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் கார் நின்றது. மாஸ்டர் உள்ளே உட்கார்ந்திருந்தார். வெகுநேரமாக உட்கார்ந்திருந்தார்.

தையலம்மா டீயை எடுத்துக்கொண்டு போனாள்.

"என்னங்க, ஆறிடும்."

"உக்காரு" என்று பக்கத்து சீட்டைக் காட்டினார் மாஸ்டர்.

கற்றுக்கொடுக்கிற வண்டி, அந்தப் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. அவை கடித்துவிடும் என்பதுபோல் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்றேன். பிள்ளைங்களுக்குத் தெரிய வேண்டாம்."

"சொல்லுங்க."

"எனக்கு சாவி திருப்பத் தெரியல."

தையலம்மா ஸ்டியரிங் பக்கத்தில் தொங்கிய சாவியைப் பார்த்தாள்.

"திங்கட்கிழமையிலேருந்து பாக்கறேன். நீங்கல்லாம் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி வந்து உக்காருவேன். சாவி உள்ளே போகுது. அதுக்கப்புறம் கைக்கு ஒண்ணும் தெரியல. இப்படித் திருப்பறேன், அப்படித் திருப்பறேன். டாக்டர் மெதுவாத்தான் போகும்னார். இது என்னடான்னா ஓட்டமா ஓடுது."

"ஏங்க, அது வந்து..."

"இரு, முழுசா கேளு. நேத்து ஒரு காரியம் பண்ணேன், சொல்லவே வெக்கமா இருக்கு. புதுசா வர்றவங்களுக்குச் சொல்ற மாதிரி எனக்கு நானே சொல்லிப் பாத்தேன். 'சாவியைப் போடு. முன்னாடி திருப்பு. பயப்படாதே'ன்னு." சாவியை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "ரொம்ப மோசமான ஸ்டூடண்ட். திருப்பவே இல்ல."

சிரிக்கத்தான் சொன்னார். பிறகு டீயை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"இந்த வேகத்துல போனா, அடுத்த வாரம் உன்னைப் பாத்து 'யாரும்மா நீ, லைசென்ஸ் இருக்கா'ன்னு கேப்பேன். கோவிச்சுக்காதே."

தையலம்மா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து மகளும் மகனும் சேர்ந்து வந்தார்கள். இல்லை, வர முயன்றார்கள். கேட்டுக்குக் குறுக்கே மெத்தைக் கடைக்காரரின் வேன் ஒரு வாரமாகப் படுத்துக் கிடந்ததால், ஒருத்தர் பின் ஒருத்தராகப் பக்கவாட்டில் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைய வேண்டியிருந்தது.

மகள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. நாலு பேர் ஒரு இடத்தில் நின்றால் அதை மீட்டிங் ஆக்கிவிடுவாள். மகன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மாடிகளுக்கு நடுவில் தொங்கிவிட்டு வருபவன். வீட்டிலும் எந்தப் பேச்சிலும் நடுவிலேயே நிற்பான்.

"நீ இன்னும் ஸ்டியரிங்கை ஒத்தைக் கையாலதான் புடிக்கிறியா?" என்றார் மாஸ்டர் மகளைப் பார்த்து.

"இல்லப்பா, ரெண்டு கையாலதான்."

"நல்லது." கொஞ்சம் யோசித்தார். "ஆமா, நீ ஒத்தைக் கையாலதானே புடிப்பே?"

"இல்லப்பா" என்றாள் மகள், முதல் தடவை கேட்டதுபோலவே. அந்த ஒரு நல்ல குணத்தை, அவளுடைய மற்ற குணங்களையெல்லாம் ஊர் பொறுத்துப் போவதற்காகவே கடவுள் கொடுத்திருந்தார் என்று தையலம்மா நினைப்பதுண்டு.

சமையலறையில் வைத்துத் தையலம்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சாவி, டப்பா, அவர் காரில் உட்கார்ந்து தனக்குத் தானே பாடம் நடத்தியது, எல்லாம். முடிப்பதற்குள் முந்தானை நனைந்துவிட்டது.

மகள் முகத்தில் பரிசு விழுந்த மாதிரி ஒரு வெளிச்சம்.

"அம்மா! நீயா இப்படி யோசிச்சே? வேலை முடிஞ்சுதே!"

"என்னடி முடிஞ்சுது?"

"அவரே தன்னால ஓட்ட முடியலன்னு நம்பிட்டார்ல? இனிமே நாம சொல்ல வேண்டாம், சண்டை வேண்டாம், கத்தல் வேண்டாம். இப்படியே விட்டுடு."

"மனுஷர் தனக்கு மூளையே போயிடுச்சுன்னு உக்காந்திருக்காருடி."

"நேரா சொன்னா மட்டும் கேப்பாராம்மா?" என்றான் மகன். "போன மாசம் என்னையே புடிச்சுத் திட்டினார். லிஃப்ட் ஏறும்போது பின்னாடி பாக்காம ஏறறேனாம்."

"பாத்தியா? டேய், நீயே அம்மாவுக்குச் சொல்லு."

"அக்கா சொல்றதும் சரிதான்..." என்று ஆரம்பித்தவன், அம்மாவின் முகத்தைப் பார்த்து, "அம்மா சொல்றதும் சரிதான்" என்று வழக்கம்போல் நடுவில் நின்றுவிட்டான்.

தையலம்மா கொஞ்சம் ஆடித்தான் போனாள். உள்ளதைச் சொன்னால் மாஸ்டர் வண்டியை எடுப்பார். எடுத்தால் என்ன ஆகுமோ. சொல்லாமல் இருந்தால் வண்டி இருந்த இடத்தில் இருக்கும், ஊர் பிழைக்கும், வீட்டில் சத்தம் இருக்காது. ஒரு பொய்க்கு இவ்வளவு லாபம் வந்து நின்றால் யாருக்குத்தான் மனசு தடுமாறாது?

கண்ணை மூடினாள். கடவுளே, நல்லதுக்குத்தானே செஞ்சேன், நீயே சொல்லு என்று கேட்டாள். கடவுள் எப்போதும்போல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் திறந்திருந்த ஜன்னல் வழியாக முற்றத்திலிருந்து ஒரு குரல், ரொம்பப் பொறுமையாகக் கேட்டது.

"சாவியைப் போடு. முன்னாடி திருப்பு. பயப்படாதே."

தையலம்மா டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "அம்மா, வேண்டாம்! யோசிச்சு செய்!" என்று தலைமையாசிரியையும், இருவருக்கும் நடுவில் மெக்கானிக்கும் பின்னாலேயே ஓடினார்கள்.

"ஏங்க, அது தப்பான சாவி! இதுதான் உங்க சாவி. நான்தான் எடுத்து ஒளிச்சுவெச்சேன். உங்க கைக்கு ஒண்ணும் ஆகல!"

மாஸ்டர் இந்தச் சாவியைப் பார்த்தார். அந்தச் சாவியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"ஒளிச்சுவெச்சியா?"

"ஆமா."

"அப்போ எனக்கு மறக்கல?"

"மறக்கல."

"என் மூளை நல்லாத்தான் இருக்கு. வீட்டுலதான் திருடங்க இருக்காங்க!" என்று காரின் கூரை அதிரக் கத்தினார் மாஸ்டர். கோபத்தில்தான் கத்தினார்; ஆனால் பரீட்சையில் பாஸான பையனின் முகம்தான் அது. அந்த ஒரு கத்தலுக்காக இன்னும் பத்துச் சாவியைத் திருடலாம் என்றிருந்தது தையலம்மாவுக்கு.

சரியான சாவியைப் போட்டார். திருப்பினார். சாவி வெண்ணெய்போல் திரும்பியது. வண்டி முக்கியது, முனகியது, கிளம்பவில்லை.

மாஸ்டர் காதைச் சாய்த்தார். "இரு. சாவி போட்டதும் பின்னாடி பெட்ரோல் பம்ப் 'உம்'முனு ஒரு சத்தம் போடணும். போடல." குனிந்து ஸ்டியரிங்குக்குக் கீழே மூடியைத் திறந்தார். "ஃபியூஸ் இல்ல. தானா விழுந்த மாதிரியும் இல்ல. இழுத்து எடுத்த மாதிரி இருக்கு." தலையைத் தூக்காமலே கேட்டார். "இந்த வீட்டுல ஃபியூஸ் புடுங்கத் தெரிஞ்சவன் ஒருத்தன்தானே?"

மகன் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

"நீயுமாடா!" என்றாள் தையலம்மா.

"நீ சாவி எடுத்தது எனக்குத் தெரியாதேம்மா. நான் ஒருத்தன்தான் பாவம் பண்ணினதா நினைச்சுட்டு ராத்திரியெல்லாம் தூங்கல."

ஃபியூஸ் போட்டதும் வண்டி கிளம்பியது. மாஸ்டர் கண்ணை மூடி அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியில் பின்னால் பார்த்தார். கேட்டுக்குக் குறுக்கே வேன்.

"மெத்தைக் கடைக்காரருக்குச் சொந்தமா வாசல் கிடையாதா?"

தலைமையாசிரியை தொண்டையைச் செருமினாள்.

"நான்தான்பா அவரை இங்கே நிறுத்தச் சொன்னேன்."

"உங்கப்பா என்னைத் திருடின்னு கத்தினப்போ சும்மா நின்னியே, நீ என்னடி?" என்று தையலம்மா மகளைப் பிடித்துக்கொண்டாள். "என் சாமர்த்தியத்தை மெச்சினப்போ இதை ஏன் சொல்லல?"

"உன்னோடது என்னோடதைவிட நல்லா இருந்தது, அதான்."

"மூணு பூட்டு!" என்றார் மாஸ்டர். "பேங்க்குக்குக்கூட இத்தனை காவல் கிடையாது. எதுக்கு? நான் என்ன காரைக் கடத்திட்டா போகப் போறேன்?"

இதுதான் அந்தக் கேள்வி. ஒரு வாரமாக மூன்று பேரும் எதற்குப் பயந்து முட்டாள்தனம் செய்தார்களோ, அது. மகள் மகனைப் பார்த்தாள், மகன் அம்மாவைப் பார்த்தான். தையலம்மாவுக்குப் பார்க்க வேறு ஆள் இல்லை.

"டாக்டர் சொன்னாருங்க. இனிமே நீங்க கார் ஓட்டக் கூடாதாம். உங்ககிட்ட சொல்லத் தைரியம் வரல."

மாஸ்டர் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும், எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பதுபோல் சரியான இடத்தில், வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாப்பது வருஷத்துல எத்தனை பேரைப் பாத்து, 'உனக்கு இன்னும் பத்தாது, இறங்கு'ன்னு சொல்லியிருக்கேன்" என்றார். "சில பேர் அழுவாங்க. சில பேர் என்னை அடிக்கக்கூட வந்திருக்காங்க. ஆனா ஒருத்தனுக்கும் நான் ஃபியூஸைப் புடுங்கி ஏமாத்தினதில்ல. மூஞ்சியைப் பாத்துச் சொன்னேன். எனக்கும் அப்படிச் சொல்லியிருக்கலாம்."

மூவருக்கும் தலை குனிந்துவிட்டது. நல்லது செய்கிறோம் என்று நினைக்கும்போதுதான் மனிதர்கள் கேட்காமலே செய்துவிடுகிறார்கள். கேட்டுச் செய்தால் பாதி வேலைதான், அதிலும் அழுகை கம்மி.

"கேட் வரைக்குமாவது?" என்றார் மாஸ்டர் திடீரென்று.

"வேண்டாங்க."

"ரிவர்ஸ்ல? பின்னாடி போறதெல்லாம் கணக்குல வராதே."

"வரும்."

"டாக்டர் முன்னாடியா பின்னாடியான்னு சொன்னாரா?"

"ஏங்க!"

மாஸ்டர் சிரித்துவிட்டார். கதவைத் திறந்து, ஒரு காலை வைத்து, பிறகு மறு காலை வைத்து, தானே இறங்கினார். யாரும் கையைப் பிடிக்கவில்லை. பிடிக்கத் துடித்த மகனின் கையைத் தையலம்மா பிடித்து இழுத்துக்கொண்டாள். ஓட்டுநர் கதவை மூடாமல், மாஸ்டர் மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ஏறு."

"யாரு?"

"நீதான். இனிமே என்னை டாக்டர்கிட்ட யார் கூட்டிட்டுப் போவா? இவளுக்கு ஸ்கூல், அவன் எங்கேயாவது நாலாவது மாடியில தொங்குவான். தினம் மெஷின் மிதிக்கிற காலுக்கு கிளட்ச் எம்மாத்திரம்?"

தையலம்மா இரண்டடி பின்வாங்கினாள். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நாள் அவளுக்கு அவர் பாடம் எடுத்திருக்கிறார். நடுரோட்டில் வண்டியை விட்டு இறங்கி அவள் விறுவிறுவென்று வீட்டுக்கு நடக்க, அவர் பின்னாலேயே நடை வேகத்தில் காரை ஓட்டிக்கொண்டு, ஜன்னலில் தலையை நீட்டிக் கெஞ்சிக்கொண்டே வந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது.

"உங்ககிட்ட நான் கத்துக்க மாட்டேன். மிச்சமிருக்கிற காலத்துலயாவது நாம பேசிக்கிட்டு இருக்கணும்."

"அதுவும் நியாயம்தான்" என்றார் மாஸ்டர். கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "போனைக் குடு. ஹாரனைக் கூப்பிடறேன்."

வீடே திகைத்தது. ஹாரன் என்பது இன்னொரு டிரைவிங் ஸ்கூல்காரரின் பட்டப்பெயர். மாஸ்டரிடமே கற்றுக்கொண்டு, மாஸ்டரின் ஸ்கூலுக்கு எதிரிலேயே கடை விரித்தவர். அவரும் சரி, அவர் வண்டியும் சரி, சத்தம் போடாமல் இருந்ததில்லை. இரண்டு பேரும் பேசி வருஷக் கணக்காகிறது. மகன் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"மாஸ்டரா? என்ன, உங்க ஸ்டூடண்டை இழுத்துட்டேன்னு மறுபடியும் சண்டையா?"

"இல்லப்பா. ஸ்டூடண்ட் தரத்தான் கூப்பிட்டேன். என் வீட்டுக்காரி. எனக்கு மறதி நோய் வந்திருக்கு. கார் ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

எந்நேரமும் சத்தம் போடும் ஹாரன் அந்தப் பக்கம் சத்தமே போடவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று மகன் போனைப் பார்த்தான்.

"மாஸ்டர்" என்றது கடைசியில் ஒரு சின்னக் குரல். "அம்மாவுக்கு நான் சொல்லிக் குடுக்கறேன். ஆனா நீங்க பின் சீட்டுல உக்காந்து வரணும். நான் தப்பா சொல்லிக்குடுத்தா திட்டணும்."

"திட்டறது மறந்துபோச்சுன்னா?"

"நான் எடுத்துக் குடுக்கறேன். என்னை நீங்க திட்டினது ஒண்ணுவிடாம எங்கிட்ட இருக்கு."

மாஸ்டர் போனை வைக்கச் சொல்லி மகனுக்குக் கை காட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நல்ல பையன்தான். ஹாரன்தான் ஜாஸ்தி."

எத்தனை வருஷத்து வீம்பு! ஒரு வரி உண்மைக்கு முன்னால் அது நிற்கவில்லை. கடவுள் இந்த மாதிரிச் சின்ன வேலைகளைத்தான் அதிகம் செய்கிறார் என்று தையலம்மாவுக்குத் தோன்றியது. பெரிய வேலைகளுக்கு அவரிடம் நேரம் இருக்கிறதோ இல்லையோ.

மகன் வீட்டுக்குள் போய் நாற்காலிகளைக் கொண்டுவந்து முற்றத்து நிழலில் போட்டான். மாஸ்டர் உட்கார்ந்து மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தார்.

"ஒரு வாரமா என் முதுகுக்குப் பின்னாடி நின்னு எனக்கு நல்லது பண்ணியிருக்கீங்க. இனிமே எதுவா இருந்தாலும் முன்னாடி வந்து பண்ணுங்க. எனக்கு முடியாத நாள் வரும், அப்போ உங்க இஷ்டம்போல பண்ணிக்கோங்க. அதுவரைக்கும் என்னைக் கேக்கணும். சரியா?"

"சரிங்க" என்றாள் தையலம்மா.

"சரிப்பா" என்றான் மகன். இந்தத் தடவை நடுவில் நிற்கவில்லை.

"வேற ஏதாவது பாக்கி இருந்தா இப்பவே கொட்டிடுங்க. இன்னிக்குச் சொன்னா திட்டோட விட்டுடறேன்."

தையலம்மா இல்லையென்று தலையாட்டினாள். மகனும் ஆட்டினான். தலைமையாசிரியை மட்டும் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். பள்ளிக்கூடத்தில் அவள் அறை வாசலில் பிள்ளைகள் எப்படி நிற்பார்களோ, அப்படி.

"அப்பா, திட்டை முதல்ல திட்டிடறீங்களா? அப்புறமா சொல்றேன்."

"என்னடி அது?" என்றாள் தையலம்மா.

"நாளைக்குக் காலையில ஒருத்தர் வர்றார். இந்த வீட்டைப் பாக்க. பிடிச்சிருந்தா வாங்கிக்கறேன்னார். நீங்க ரெண்டு பேரும் என்கூட வந்து இருக்கலாமேன்னுதான்... நான் வரச் சொல்லிட்டேன்ப்பா."

மகன் அக்காவைப் பார்த்து வாயைப் பிளந்தான். தையலம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டர் கத்தப் போகிறார் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

மாஸ்டர் கத்தவில்லை. வீட்டை, மாடிச் சுவரிலிருந்து வாசற்படி வரை, புதிதாக வந்தவர் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தார். பிறகு காலியாக இருந்த நாற்காலியை இழுத்து, தனக்கு நேர் எதிரில் போட்டார்.

"உக்காரு" என்றார் மகளிடம். "முதல்லேருந்து சொல்லு. மெதுவா சொல்லு. இதை நான் மறக்கக் கூடாது."